நகைப்புக்கிடமான ஊர்ப்பெயர்களும் நம் முன்னோர் வரலாறும்

தம் முன்னோர் யாவர், அவர் எவ்விடத்திருந்து வந்தனர், எக்காரணம் பற்றி வந்தனர் என்று அறிய விரும்புதல் மக்கட்கு இயல்பு. அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஜமீன்தார்க்கு வம்சாவளி ஏடு உண்டு. உழுதும் விற்றும் சுமந்தும் உயிர் வாழ்ந்த நம்மனோர்க்கு அவ்விரண்டும் இல்லை. நமக்கு உள்ளவை மூன்று: பாட்டிமார் வாய்மொழி ஒன்று, பெட்டியடியிற் கிடக்கும் பழங் கிரயப் பத்திரங்கள் ஒன்று, கலியாண வீட்டு மொய் நோட்டுகள் ஒன்று. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்போமாயின், ஆட்பெயரினும் ஊர்ப்பெயரே நமக்குப் பெருந்துணையாதல் விளங்கும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுதல் நம் வழக்கமாதலின், ஒரு கிளையிலே ஒரே பெயரினர் நால்வர் ஐவர் இருப்பர். அவருள் இன்னார் இவர் என்று பிரித்துக் காட்டுவது ஊர்ப்பெயரே. மொய் நோட்டிலே ஊரை முன்னும் பேரைப் பின்னுமாக எழுதி வைத்த பெரியோர் இதனை நன்கு அறிந்திருந்தனர் போலும்.

நிற்க. தேனி ஜில்லாவிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வேர்கொண்ட குடும்பத்தார் இவ்வாராய்ச்சியில் இறங்குவாராயின், அவர்க்கு முதலிற் கிடைப்பது நகைப்பே. வரலாறு பின்னரே கிடைக்கும். ஜில்லாவின் தலைநகர் ஓர் ஈ. அதன் தென்மேற்கே ஒரு கம்பம். போடிநாயக்கனூரை யாவரும் சுருக்கிப் போடி என்றே வழங்குவர். 'எந்த ஊரம்மா?' என்று வினவிய வெளியூர் மூதாட்டிக்கு ஒரு சிறுமி அவ்வூர்ப்பெயரையே விடையாகக் கூறின் என்னாகும்! தேவாரம் என்னும் ஊரார் ஒருவர் 'தேவாரத்தில் இரண்டு மாடு வாங்கினேன்' என்றால் சைவ அன்பர் திடுக்கிடுவர். 'ஆண்டிபட்டியிலே பெரிய இடத்தில் பெண் கொடுத்திருக்கிறோம்' என்பதைக் கேட்போர்க்கும் புன்முறுவல் தோன்றும். இன்னும் தப்புக்குண்டு, டொம்புச்சேரி, எண்டப்புளி, சில்லமரத்துப்பட்டி, குரங்கணி, புலிமான்கோம்பை என்று மொய் நோட்டின் பக்கங்களைப் புரட்டப் புரட்ட வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பு அடங்காது. க. விலக்கு என்று ஓர் இடம் உண்டு. இலக்கணம் பயிலும் மாணாக்கன் அதனைக் கண்டால், ககரத்தை விலக்குக என்னும் விதி போலும் என்று மயங்குவான்.

இந்நகைப்பு தீயதன்று. நகைத்த பின்னர் ஏன் இப்பெயர் வந்தது என்று வினவுவோமாயின், அதுவே ஆராய்ச்சியின் முதற்படியாகும். தப்புக்குண்டு, கடமலைக்குண்டு என்பவற்றிலுள்ள குண்டு, வெடிகுண்டும் அன்று, பீரங்கிக் குண்டும் அன்று. ஆழமென்றும் குளமென்றும் பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல் அஃது. சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனைப் புரட்டுவார்க்கு இஃது எளிதிற் புலனாகும். கோம்பை என்ற மாத்திரத்தில் வேட்டை நாயே பலர்க்கும் நினைவுக்கு வரும். மலைகள் வளைத்து நிற்கும் ஒடுக்கமான நிலத்தைக் கோம்பை என்பது அப்பக்கத்து வழக்கு; நாய்க்கோ ஊரினாற் பெயர் வந்தது. போடிமெட்டு, கம்பமெட்டு என்பவை பாட்டு மெட்டுகள் அல்ல. மலையேறிச் செல்லும் கணவாய் வழிகள். தென்பாண்டிச் சீமையிலே பெருஞ்சாலையினின்று ஓர் ஊருக்கு வழி பிரியும் இடத்தை விலக்கு என்பர். கண்டமனூருக்கு வழி பிரியும் இடம் கண்டமனூர் விலக்கு; அது குறுகிக் க. விலக்கு ஆயிற்று. இக்காலத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கின்றது. ஆதலால் எத்துணையோ குடும்பங்களின் குழந்தைகள் க. விலக்கிற் பிறக்கின்றனர். நூறாண்டு கழித்து அவர்தம் பேரர், 'நம் பூர்வீகக் கிராமம் க. விலக்கு' என்று கொண்டு அங்கே குலதெய்வக் கோயிலைத் தேடுவாராயின் அதற்கு யார் பொறுப்பு? இன்றே எழுதி வையாத நாமன்றோ!

இனி, அப்பகுதி ஊர்களுக்கும் மனிதரைப்போலத் தலைப்பெழுத்து உண்டு என்பது வெளியூரார்க்குப் பெருவியப்பை விளைக்கும். போ. மீனாட்சிபுரம், ஜி. கல்லுப்பட்டி, டி. சிந்தலைச்சேரி, எ. புதுப்பட்டி, உ. அம்மாபட்டி என்றிவ்வாறு எழுதுவர். மனிதனுக்குத் தலைப்பெழுத்துத் தந்தையைக் குறிப்பதுபோல, ஊருக்கு அது பக்கத்திலுள்ள பேரூரைக் குறிக்கும். போ என்பது போடிநாயக்கனூர்; ஜி என்பது கெங்குவார்பட்டி; டி என்பது தேவாரம்; எ என்பது எண்டப்புளி; உ என்பது உத்தமபாளையம். மீனாட்சிபுரமும் புதுப்பட்டியும் கல்லுப்பட்டியும் பாண்டி நாட்டிலே எண்ணிறந்தன உண்டாதலின், இவ்வோரெழுத்து இல்லையேல் தபாற்காரரும் திகைப்பர். நம் குடும்ப வரலாறு எழுதுவாரோ முற்றும் வழி தவறுவர். பாட்டியார் 'புதுப்பட்டி' என்று மட்டும் கூறினால், 'எந்தப் புதுப்பட்டி அப்பத்தா?' என்று உடனே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவர் மறைந்த பின் அவ்வோரெழுத்தை நமக்குச் சொல்லுவார் ஒருவரும் இரார்.

ஊர்ப்பெயரின் ஈற்றை நோக்கினால், நிலத்தை அகழ்வார் அடுக்கடுக்காக மண்ணைக் காண்பதுபோல் நாம் காலங்களைக் காணலாம். கம்பம் பள்ளத்தாக்கு பாண்டியர் காலத்தில் அளநாடு எனப்பட்டது. இன்று சின்னமனூர் என்னும் ஊர் அக்காலத்துக் கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் எனப் பெயர் பெற்றது. அவ்வூரிற் கிடைத்த செப்பேடுகள் தமிழக வரலாறு கற்பார் அனைவரும் அறிந்தவை. அவற்றுட் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனது 16-ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது. நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை அவன் தன் விருதுப் பெயரால் மந்தரகௌரவமங்கலம் எனப் புதுப்பெயரிட்டுத் தானமளித்த செய்தியை அச்செப்பேடு கூறுகின்றது. பின் நடந்தது யாது? சோழன் பராந்தகனிடம் தோற்ற அவ்வரசன் நாடிழந்து இலங்கைக்கு ஓடினான். மந்தரகௌரவமங்கலம் என்னும் பெயரை இன்று எவரும் வழங்கக் கேட்டிலேம். அரிகேசரிநல்லூர் என்பதும் கல்லிலேதான் உளது. மக்கள் நாவிலே நிலைத்தது சின்னமனூர் என்னும் எளிய பெயரே. அரசர் இட்ட பெயர் அரசரோடு போதலும், குடிகள் இட்ட பெயர் குடிகளோடு நிற்றலும் ஈண்டுக் கவனிக்கத்தக்கன.

அதற்கு மேலடுக்கில் நாயக்கர் காலம் காணப்படும். மதுரை நாயக்கர் ஆட்சியிற் பாளையங்கள் வகுக்கப்பட்டமையின் உத்தமபாளையம் போன்ற பெயர்களும், போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற பெயர்களும் தோன்றின. வடுகபட்டி என்னும் பெயரோ, வடக்கிருந்து வந்த தெலுங்கரைத் தமிழர் வடுகர் என்று வழங்கியதை நினைவூட்டும். பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் தொழுவத்தையும் குறிக்கும், சிற்றூரையும் குறிக்கும். கால்நடையோடு வந்து தங்கிய இடமே நாளடைவில் ஊரான கதையை அவ்வொரு சொல் அடக்கிக்கொண்டுள்ளது. தேவதானப்பட்டி என்பதிலே தெய்வத்துக்கு விடப்பட்ட நிலத்தின் செய்தி உளது.

எல்லாவற்றுக்கும் மேலடுக்கில் ஆங்கிலேயர் காலம் கிடக்கின்றது. பெரியாற்று அணை 1887-இல் தொடங்கப்பெற்று 1895-இல் திறக்கப்பட்டது. அவ்வேலைக்காக அடிவாரத்தில் அமைத்த முகாம் லோயர் கேம்ப் என்று ஓர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரைக்கு மணிமண்டபமும் அங்கேயே எழுந்துள்ளது. சின்னமனூருக்கு மேலேயுள்ள மலையில் உள்ளூரார் பச்சைக்கூமாச்சி என்று வழங்கிய பகுதி உண்டு. அலையலையாக உயர்ந்து தோன்றும் அத்தொடரைக் கண்ட வெள்ளையர் தம் மொழியில் ஹைவேவிஸ் என்றனர். தேயிலைத் தோட்டத்தோடு அப்பெயரும் வேர்விட்டு, இன்று ஹைவேவிஸ் என்பது ஒரு பேரூராட்சியின் பெயராயுள்ளது. மேகமலை என்பதும் அம்மலைக்கே வழங்குகின்றது. அரசாங்கக் கணக்குகள் சிலவற்றில் ஹைவேவிஸ் என்பது எழுத்துத் திரிந்து, ஆங்கிலத்தில் நெடுஞ்சாலை என்று பொருள்படும் ஹைவேஸ் ஆகிவிட்டமை பெருநகைப்புக்கு உரியது. மலையுச்சியில் தேயிலை கிள்ளிய மூதாட்டியின் பிறந்த ஊர் நெடுஞ்சாலை என்று காணும் கொள்ளுப்பேத்தி என்ன நினைப்பாள்!

இங்ஙனம் பெயர்கள் நமக்கு வழிகாட்டுவனவாயினும், வழி மயக்குவனவும் உண்டு. ஆங்கில எழுத்தில் நம் கம்பத்தை எழுதும் முறையிலேயே ஆந்திர தேசத்துக் கம்பம் என்னும் ஊரும் எழுதப்படும். பெரிய ஏரியொன்றாற் புகழ்பெற்ற அவ்வூர் சென்னை மாகாண காலத்திற் கர்நூல் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. பழைய ஆங்கிலக் காகிதத்தில் ஊர்ப்பெயரை மட்டும் கண்டு, 'நம் தாத்தா இவரே' என்று துள்ளுதல் ஆகாது. ஜில்லாப் பெயரையும் நோக்குக. கூடலூர் என்பதும் அத்தகையதே. பள்ளத்தாக்கின் தலைப்பிலே ஒரு கூடலூர். நீலகிரியில் ஒரு கூடலூர். கடலூர் என இன்று வழங்கும் துறைமுகமும் முன்னாளிற் கூடலூரே என்பர். மதுரைக்கே கூடல் என்பது ஒரு பெயர். மயிலாடும்பாறை வருசநாட்டுப் பக்கத்தில் ஒன்று, கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒன்று. 4,200 ஆண்டுகட்கு முற்பட்ட இரும்பு கிடைத்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது பின்னதிலேயாம். நம் மயிலாடும்பாறையார் அப்பெருமையைத் தமதாக்கிக்கொள்ள வேண்டா. குரங்கணி போடிக்கு மேலே ஒன்று, தாமிரபரணிக் கரையிலே ஒன்று. குன்னூர் வைகைப் பக்கத்தில் ஒன்று, நீலகிரியில் ஒன்று.

எழுத்துமுறையும் நிலையானதன்று. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புக்கு இசைய எழுதுமாறு தமிழ்நாட்டு அரசாங்கம் ஆணை பிறப்பித்துச் சில நாட்களுக்குள் அதனைத் திரும்பப் பெற்றது. ஜில்லா எல்லைகளும் அவ்வாறே. 1996-ஆம் ஆண்டுக்கு முன் தேனி ஜில்லா என்பதே இல்லை. அதற்கு முற்பட்ட பத்திரங்களில் நம் ஊர்கள் மதுரை ஜில்லாவிற் காணப்படும். மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் வண்டன்மேடு, பூப்பாறை, உடும்பன்சோலை என்னும் தமிழ்ப் பெயர்களையே அங்கும் கேட்டு வாழ்ந்தனர். அவர்கள் எழுதிய பழங் கடிதங்களில் 'திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்றிருக்கும். 1956-ஆம் ஆண்டு மாநிலப் பிரிவினைக்குப் பின் அதே இடம் கேரளமாயிற்று. 1972-இல் இடுக்கி ஜில்லா ஆயிற்று. இருந்த இடத்தை விட்டு அசையாத ஒரு குடும்பம் மூன்று முகவரிகளிலே தோன்றுதல் இதனாலாம்.

இவ்வளவும் கூறியதன் பயன் யாது எனின், அதனைப் புலிமான்கோம்பை நமக்கு விளக்கும். ஆண்டிபட்டித் தாலூகாவிலே வைகைப் பக்கத்திலுள்ள அச்சிற்றூரின் பெயரைக் கேட்டு நகையாதார் இலர். அங்கே 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என ஆராய்ச்சியாளர் கொண்டனர். அவற்றுள் ஒரு கல், பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவன் என்பான் கூடலூர் ஆகோளிலே, அதாவது ஆநிரை கவர்ந்த பூசலிலே, பட்ட செய்தியைக் கூறுவதாகப் படித்துள்ளனர். அவன் அரசனல்லன், அவனுக்கு மெய்க்கீர்த்தி இல்லை, அவன் தந்தை பெயரும் கல்லில் இல்லை. பொறித்தவர் சில சொற்களே பொறித்தனர். அச்சில சொற்களுள் இரண்டு ஊர்ப்பெயர்களை அடக்கினர்: அவன் எவ்வூரினன் என்பது ஒன்று, எவ்வூர்ப் பூசலில் மாண்டான் என்பது ஒன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாகியும் அவன் நமக்கு ஒரு மனிதனாகத் தோன்றுதல் அவ்விரண்டு பெயர்களாலேயாம். ஊர்ப்பெயர் இல்லையேல் அவன் ஒரு வெறும் பெயர். ஊர்ப்பெயர் இருத்தலால் அவன் ஓர் ஊரின் மகன்.

இதனை உணர்ந்த நம் சங்கத்தார் மூன்று தவறுகளினின்றும் விலகுதல் வேண்டும்.

முதலாவது, ஊர்ப்பெயருக்கு நாணுதல். இக்காலத்துக் கலியாணப் பத்திரிகைகளில் தப்புக்குண்டும் டொம்புச்சேரியும் மறைந்து, தேனி என்றோ மதுரை என்றோ மாத்திரம் அச்சிடப்படுதலைக் காண்கிறோம். பெரிய ஊரின் பெயரைப் போடுதல் பெருமை என்று எண்ணுவார், தம் பேரர்க்கு வாயிற்கதவை அடைத்து விடுகின்றனர். பூர்வீகம் இன்ன ஊர் என்று ஒரு வரி சேர்த்தலால் அச்சுக்கூலி மிகுந்து விடாது.

இரண்டாவது, ஊர்ப்பெயரைக்கொண்டு பொய்ப்பெருமை கட்டுதல். பாண்டியன் பெயர் தாங்கிய வீரபாண்டியிற் பிறந்தமையால் நாம் பாண்டிய வமிசத்தார் என்று ஒருவர் கூறுவாராயின், அவ்வூரில் முடிதிருத்துவாரும் மண்பாண்டம் வனைவாரும் அதனையே கூறலாமன்றோ? ஊரின் பெயர் ஊரார் அனைவர்க்கும் பொது. அது ஒரு குலத்தாரின் தனிச்சொத்தாகாது.

மூன்றாவது, பெயர் மாறும்போது பழம்பெயரை எழுதாது விடுதல். குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகள் முதலியவற்றிலுள்ள சாதிப் பெயர்களை நீக்குமாறும் மாற்றுமாறும் தமிழ்நாட்டு அரசாங்கம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆணை பிறப்பித்தது. அதுபற்றி நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஒருவர்க்கு விருதாகத் தோன்றும் பெயர் அண்டை வீட்டார்க்குப் புண்ணாகத் தோன்றுதல் உண்டு. அத்தகைய பெயர் போவதற்கு வருந்துதல் நம் போன்ற சங்கத்தார்க்கு அழகன்று. ஆயினும் பெயர்ப்பலகையிற் பெயர் மாறலாம். குடும்பப் புத்தகத்தில் அது அழிதல் கூடாது. பழையது இன்னது, புதியது இன்னது, மாறிய ஆண்டு இன்னது என்று மூன்றையும் குறித்து வைத்தல் நம் கடன்.

ஆதலின் அன்பர்கள் ஒன்று செய்க. வருகின்ற பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் பிறந்த ஊர், அவர் தாயார் பிறந்த ஊர், பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர், பிழைக்கச் சென்ற தோட்டம் ஆகியவற்றை அவர் உச்சரிக்கும் வண்ணமே தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றன் பக்கத்திலும் அருகேயுள்ள பேரூர், ஆறு, மலை, தாலூகா, ஜில்லா ஆகியவற்றைக் குறியுங்கள். நிலங்களின் பெயரையும் விடாதீர்கள். ஆலமரத்துப் புஞ்சையும் கல்லுக்குழிக் காடும் சர்வே நம்பராக மட்டும் நின்றுவிட்டால், அந்த ஆலமரத்தை நட்டவர் யாரென்று கேட்கவும் பின்னர் எவர்க்கும் தோன்றாது. ஊர்ப்பெயருக்குக் கதை சொல்லுவாராயின் அதனையும் எழுதி, 'சொல்லக் கேள்வி' என்று மேலே குறியுங்கள். கதை வேறு, சான்று வேறு. ஓர் ஊரென்று துணியுமுன் இரண்டாவது சாட்சி ஒன்று தேடுங்கள்.

எழுதும்போது பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்க. அவர்கள் எண்டப்புளிக்கும் சில்லமரத்துப்பட்டிக்கும் சிரிப்பார்கள், தடுக்க வேண்டா. சிரித்த பெயர் மறவாது.